எழுதப்படாத பிறப்பு

குழந்தை பிறக்கும் வீட்டில் முதலில் பார்க்கப்படும் பொருள் கடிகாரம். தாய் வலியால் துடிக்கும் வேளையிலுங்கூட, "மணி என்ன? சரியாகப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்க ஒரு பாட்டி அங்கே இருப்பாள். நாழிகை பிசகினால் லக்கினம் பிசகும். லக்கினம் பிசகினால் பிள்ளையின் வாழ்வே பிசகிவிடும் என்பது அவள் நம்பிக்கை. அந்த நிமிஷக் கணக்கைச் சோதிடரிடம் கொண்டுபோய்க் கட்டம் போடுவித்து, மஞ்சள் தடவி, பெட்டியின் அடியில் பத்திரமாக வைக்கும் குடும்பங்கள் தோட்டத்திலும் உண்டு; பட்டணத்திலும் உண்டு. ஆனால், அதே பிள்ளையின் பிறப்பைச் சர்க்கார் ஏட்டில் ஏற்றிப் பத்திரம் வாங்கவேண்டும் என்னும் நினைவு, அவ்வீடுகளுள் சிலவற்றில், பிள்ளைக்குப் பள்ளி வயது வந்த பிறகே உதிக்கின்றது. ஒன்பது கிரகங்களுக்கும் பிள்ளை பிறந்த செய்தி தெரியும். அது வாழப்போகும் நாட்டுக்கு மாத்திரம் தெரியாது!

இதனை ஒரு வேடிக்கையென்று எண்ணி நகைத்துவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை. எழுதாமல் விட்டவர் பெரியவர். அதற்காகத் துன்புறுகின்றவரோ, அன்று வாய்பேசவும் அறியாதிருந்த குழந்தை. ஒருவர் செய்த பிழைக்கு மற்றொருவரைத் தண்டிப்பது முறையாகுமா? அதிலும், பிழை நேர்ந்த காலத்தில் பிறந்து சில தினங்களே ஆகியிருந்த ஓருயிரை, அதன் ஆயுள் முழுவதும் தண்டிப்பது எந்த நீதியைச் சார்ந்தது? இக்கேள்வியையே ஈண்டு ஆராய விரும்புகின்றோம்.

அருகிருந்தும் எட்டாத அலுவலகம்

ஐக்கிய நாடுகளின் குழந்தை நல ஸ்தாபனமாகிய யூனிசெப் 2024 ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 77 பேரின் பிறப்பே பதிவாகியிருக்கின்றது. எஞ்சியவர் ஏறக்குறைய 15 கோடிப் பிள்ளைகள். இவர்களன்றி, பதிவு நடந்தும் கையில் பத்திரம் பெறாத பிள்ளைகள் 5 கோடிக்கு மேல் உளர். சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் இரண்டில் ஒரு பிள்ளைக்கே பதிவு உண்டு. நம் முன்னோர் புறப்பட்டு வந்த இந்தியாவில், 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, நூற்றுக்கு 89 பிள்ளைகளே பதிவானவர் என்று காட்டுகின்றது.

இக்கணக்குகளில் ஒரு பொதுத்தன்மை காணப்படும். பெரும்பாலான நாடுகளில் பட்டணத்துப் பிள்ளைகள் கிராமத்துப் பிள்ளைகளினும் மிகுதியாகப் பதிவு பெறுகின்றனர். காரணம் வெளிப்படை. பட்டணத்தில் ஆஸ்பத்திரி உண்டு, அலுவலகம் உண்டு, பாதையும் வாகனமும் உண்டு. ஆற்றைக் கடந்தும் மலையேறியும் இரண்டு நாள் கூலியை இழந்து அலுவலகம் போகவேண்டிய கிராமத்தான் பதியாமல் விட்டால், அதற்குத் தூரம் காரணம் என்று சொல்லலாம். பட்டணத்தானுக்கு அக்காரணம் பொருந்தாது.

அங்ஙனமாயின், கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பத்திரமில்லாத தமிழ்ப் பிள்ளை ஒன்றேனும் இருக்கலாமோ? இங்கே பிரசவங்களில் மிகப் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியிலேயே நடைபெறுகின்றன. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயில் ஓடுகின்றது. பதிவு இலாகாவின் கிளைகள் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கின்றன. இருந்தும், ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையத்தோடு சேர்ந்து டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா என்னும் தொண்டு ஸ்தாபனம் 2014 முதல் மேற்கு மலேசியாவில் வீடுவீடாகத் தேடியபோது, நாடற்றவராக வாழ்வோர் 12,000 பேருக்கு மேல் கண்டெழுதப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழரின் வழிவந்தோர். 2011 ஆம் ஆண்டில் அரசாங்கமே 'மைடாப்தார்' என்னும் பெயரால் ஓர் இயக்கம் நடத்தி, பத்திரமற்ற இந்தியரை வந்து பதியுமாறு அழைக்கவேண்டியதாயிற்று. 2017 இல் மறுபடியும் அவ்வாறு அழைத்தது.

ஆகவே, அலுவலகத்துக்கும் நம் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரம் மைல் கணக்கில் அளக்கப்படுவதன்று. அச்சம், வெட்கம், அறியாமை, முன்னொரு பத்திரமின்மை என்னும் நான்கினாலாகிய தூரம் அது. அத்தூரம் எப்படி உண்டாயிற்று என்பதை அறிய, நாம் வந்த வழியைச் சிறிது திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு

தோட்டத்தில் எழுத்து என்பது கிராணியின் கையில் இருந்தது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் தொழிலாளியின் பெயர் கூப்பிடப்படும். 'செக்ரோல்' புத்தகத்தில் குறிக்கப்படும். எத்தனை ராத்தல் பால் கொண்டுவந்தான் என்பது எழுதப்படும். கடையில் எவ்வளவு கடன் என்பதும் எழுதப்படும். தன் பெயரை எழுத அறியாத அம்மனிதனைப்போல் நாள் தவறாமல் எழுதப்பட்டவன் வேறொருவன் இரான். ஆனால் அவ்வெழுத்து அவனுக்காக எழுதப்பட்டதன்று. அவனிடமிருந்து பெறவேண்டியதற்காக எழுதப்பட்டது. அதனால் எழுத்தென்றாலே கணக்குத் தீர்க்க வருவது என்னும் எண்ணம் அவன் மனத்தில் வேரூன்றியது. பிறப்பைப் பதியப் போலீஸ் நிலையத்துக்குப் போகவேண்டியிருந்த இடங்களும் அக்காலத்தில் இருந்தன. போலீஸ் நிலையத்தின் படியை மிதிப்பதையே அவமானமாகக் கருதிய ஒரு கூட்டம், பிள்ளை பிறந்த மகிழ்ச்சியோடு அங்கே போகும் என்று எதிர்பார்ப்பது எளிதோ?

நாடு 1957 ஆகஸ்டு 31 ஆம் நாள் சுதந்திரமடைந்தபோது நமக்கு ஒரு நற்காலம் வாய்த்தது. அன்று முதல் 1962 ஆம் ஆண்டின் செப்டம்பர் முடிய இம்மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பினாலேயே குடிமக்கள் என்று அரசியற் சட்டம் கூறியது. அதன் பின்னர், பிறந்த காலத்தில் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்று விதி மாறியது. பத்திரம் வாங்கி வைத்தவருக்கு இம்மாற்றத்தால் தீங்கில்லை. வாங்காதவருக்கோ, தாம் எந்த ஆண்டில் பிறந்தோம் என்பதை மெய்ப்பிக்கவே வழியில்லாமற் போயிற்று. ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் ஓராண்டு இடைவெளியில் பிறந்த இருவருள் ஒருவர் நீல அடையாளக் கார்டு வைத்திருப்பதும், மற்றவர் சிவப்புக் கார்டோடு நிற்பதும் இவ்வாறு நேர்ந்தவையே.

1968 ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடிமகனல்லாதவன் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. அதனையடுத்து ஏறக்குறைய 60,000 தோட்டத் தொழிலாளர் இந்தியாவுக்குத் திரும்பினர் என்பர். பிறந்த ஊரை விட்டு, கேள்வியினால் மாத்திரம் அறிந்த ஊருக்குப் போனவர் அவர்களுட் பலர். இதற்கு முன்பே தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்பனையாகத் தொடங்கியிருந்தன. அத்துண்டாடலுக்கு எதிராகவே 1960 இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பிற்காலத்தில் கிள்ளானையும் ஷா ஆலத்தையும் சூழ்ந்த ரப்பர்க் காடுகள் வீடமைப்புத் திட்டங்களாக மாறின. லயத்தை இழந்த குடும்பங்கள் முதலில் புறம்போக்குக் குடிசைகளுக்கும், அங்கிருந்து அடுக்குமாடி வீடுகளுக்கும் போயின. ஒவ்வொரு பெயர்ச்சியிலும் பாத்திரமும் பண்டமும் மட்டும் தொலையவில்லை. இருந்த சில காகிதங்களும் தொலைந்தன. பிள்ளை பிறந்ததற்குச் சாட்சி சொல்லக்கூடிய கிராணியும் மருத்துவச்சியும் அண்டை வீட்டாரும் திசைக்கொருவராய்ச் சிதறினர். தோட்டம் அழிந்தபோது சாட்சியும் அழிந்தது.

தாலியும் பதிவேடும்

இவ்வளவும் பிறர் நமக்குச் செய்தவை. இனி, நமக்கு நாமே செய்துகொண்டதையும் மறைக்காமற் கூறவேண்டும்.

இந்நாட்டில் முஸ்லிமல்லாதாரின் திருமணங்களுக்கென வகுத்த 1976 ஆம் ஆண்டின் சட்டம், 1982 மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அது முதல், கோயிலில் தாலி கட்டிவிட்டால் மாத்திரம் திருமணம் சட்டப்படி நிறைவேறியதாகாது, பதிவாகவேண்டும். நம்மவரிற் பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. நாதசுரத்துக்கும் பந்தலுக்கும் கடன் வாங்குவர், ஐயருக்குத் தட்சணை வைப்பர், ஊருக்கெல்லாம் விருந்திடுவர், பதிவு அலுவலகத்துக்குப் போவதை மட்டும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவர். பிறகு பிள்ளை பிறக்கும். சட்டத்தின் கண்ணில் அப்பிள்ளை, மணமாகாதவர்க்குப் பிறந்த பிள்ளை. அத்தகைய பிள்ளைக்குக் குடியுரிமை ஆராயும்போது தந்தையின் நிலை கணக்கில் வாராது. தாயின் நிலையே கணக்கு என்பது அரசியற் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் கண்ட விதி. தாய் குடிமகளாயின் பிள்ளை தப்பியது. தாய் பத்திரமற்றவளாகவோ அயல்நாட்டவளாகவோ இருந்தால், தந்தை நீலக் கார்டு வைத்திருந்தும், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகனல்லன்' என்றே எழுதப்படும். பின்னர்த் திருமணத்தைப் பதிந்துகொண்டாலும், பிறந்த நாளில் இருந்த நிலை மாறுவதில்லை. 2021 மே மாதம், பெற்றோர் மணம் முடிக்குமுன் அயல்நாட்டில் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கில், கூட்டரசு நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளுள் நால்வர் அவ்வாறே முடிவு செய்தனர், மூவர் மாறுபட்டனர்.

சீர்திருத்தம் பேசும் நமக்கு இதில் ஒரு தனிப் பாடம் இருக்கின்றது. தமிழ்நாட்டில் புரோகிதரும் ஓமமும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953 இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொள்கைக்காக எளிமையாய் மணந்த தம்பதிகளின் பிள்ளைகள் ஒரே நாளில் சட்டத்துக்குப் புறம்பான பிள்ளைகளாயினர். அக்குறையை நீக்க 1967 ஆம் ஆண்டில் அண்ணாதுரை முதலமைச்சராயிருந்த ஆட்சி சட்டத்தைத் திருத்தி, முன்னே நடந்தவற்றுக்கும் அது செல்லும் என்று செய்யவேண்டியிருந்தது. அங்கே, சடங்கு இல்லை என்று சட்டம் பிள்ளைகளைத் தள்ளியது. இங்கேயோ சட்டம் சடங்கைக் கேட்கவில்லை, புரோகிதரையும் கேட்கவில்லை, இருவர் கையெழுத்தையே கேட்கின்றது. நம் இயக்கத்தார் ஒரு தலைமுறை போராடிப் பெற்ற நிலை இங்கே கேளாமலே கிடைத்திருக்க, நாம் சடங்கைப் பிடித்துக்கொண்டு கையெழுத்தைக் கைவிட்டோம். இதனினும் தலைகீழான செய்கை வேறு உண்டோ?

அன்பினால் நேர்ந்த பிழையும் ஒன்றுண்டு. பெற்றவர் கைவிட்ட பிள்ளையை, சாதியும் இனமும் பாராமல், எடுத்து வளர்த்த தாய்மார் தோட்டந்தோறும் இருந்தனர். சீனக் குழந்தைகளைத் தம் குழந்தைகளாக வளர்த்துத் தமிழ் பேசவைத்த வீடுகளை நாம் அறிவோம். அறத்தில் அதற்கு மேலானது இல்லை. ஆயினும், எழுத்தின்றிச் செய்த அவ்வறத்தால், வளர்ந்த பிள்ளை தாயில்லாப் பிள்ளையாக மட்டுமன்றி நாடில்லாப் பிள்ளையாகவும் ஆயிற்று. கைவிடப்பட்ட ஒரு குழந்தையின் வழக்கில், 2021 நவம்பர் மாதம் கூட்டரசு நீதிமன்றம் வேறொரு வழி காட்டியது. பெற்றோர் இன்னாரென்று தெரியாமல் ஓரிடத்தில் கண்டெடுக்கப்பட்ட குழந்தையின் தாய், மறுப்பதற்குச் சான்றில்லாதவரை, அவ்விடத்தில் நிரந்தரமாக வாழ்ந்தவளென்றே கொள்ளவேண்டும் என்னும் அரசியற் சட்ட விதியைச் செயற்படுத்தி, அக்குழந்தை குடிமகனே என்று அது தீர்ப்புச் செய்தது. ஐயத்தின் பயன் பிள்ளைக்கு என்னும் இத்தத்துவம் நம் சிந்தனைக்கு மிகவும் உரியது.

பிறப்பினால் வரும் தண்டனை

பத்திரமில்லாப் பிள்ளையின் வாழ்வை ஒருமுறை மனத்தில் நடத்திப் பார்ப்போம். ஐந்து வயதுவரை அதற்கு யாதொரு வேற்றுமையும் தெரியாது. பள்ளி வயதில் தலைமையாசிரியர் பத்திரம் கேட்கின்றார். பெற்றோருள் ஒருவர் குடியுரிமையுள்ளவராயின் பத்திரமின்றியும் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2019 முதல் அரசாங்கம் கதவைச் சிறிது திறந்துவைத்திருக்கின்றது, அது பாராட்டத்தக்கது. பன்னிரண்டு வயதில் தோழர் யாவரும் அடையாளக் கார்டு எடுக்கப் போகும் நாளில் அப்பிள்ளை வீட்டில் இருக்கும். அன்றுதான் அது தன்னை அறிகின்றது. நோயுற்றால் அயல்நாட்டவர்க்குரிய கட்டணம்; வண்டியோட்ட லைசென்ஸ் இல்லை; வங்கிக் கணக்கும் சேமநிதியும் அரியன; முறையான வேலை அரிது. வழியில் போலீஸார் நிறுத்தினால், தான் பிறந்து வளர்ந்த தெருவிலேயே தான் யாரென்று சொல்ல அதற்கு வகையில்லை. வயது வந்து மணம் செய்ய விரும்பினால், கார்டு இல்லாதாரின் திருமணம் பதிவாவதும் அரிது. பதியாத மணத்தில் பிறக்கும் பிள்ளைக்குத் தாய்வழியே அதே நிலை வந்து சேரும். தாய்க்கு நாடில்லை, ஆதலால் மகளுக்கு நாடில்லை, ஆதலால் பேத்திக்கும் நாடில்லை.

அன்பர்களே, இவ்வகைச் சங்கிலியை நாம் முன்பே அறிவோம். பெற்றோர் யார் என்பதைக் கொண்டு பிள்ளையின் தகுதியை முடிவு செய்தல். அம்முடிவைப் பிள்ளை எம்முயற்சியாலும் மாற்றக்கூடாமை. அதனை அடுத்த தலைமுறைக்கும் இறக்கிவைத்தல். கல்வி, தொழில், மணம் ஆகிய மூன்று வாயில்களையும் அடைத்துவைத்தல். இவை நான்கும் சேர்ந்ததற்கு நம் நாட்டில் வழங்கிய பெயர் சாதி என்பது. 1929 டிசம்பரில் ஈ. வெ. ராமசாமிப் பெரியார் மலாயாவுக்கு வந்தது முதல், பிறப்பினால் தாழ்வு கற்பிப்பது அநீதி என்று இங்கே மேடைதோறும் முழங்கினோம். புராணம் கற்பித்த தாழ்வை எதிர்த்த நாம், காகிதம் கற்பிக்கும் தாழ்வைக் கண்டும் வாளாவிருக்கலாமோ? சாதிக்காரன், "முற்பிறப்பில் செய்த வினை" என்று சொல்லி இந்தப் பிறப்புப் பிள்ளையைத் தண்டித்தான். பத்திரமில்லாப் பிள்ளையைத் தண்டிப்போர், "பெற்றோர் செய்த பிழை" என்கின்றனர். இரண்டிலும் பிழை பிள்ளையுடையதன்று. தண்டனை மட்டும் பிள்ளையுடையது.

நம் உறவினராகிய இலங்கை மலையகத் தமிழர் இத்துன்பத்தைப் பேரளவில் கண்டவர்கள். 1948 ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனும் முப்பாட்டனுமோ அத்தீவில் பிறந்தவர் என்பதற்குச் சான்று கேட்டது. தேயிலைத் தோட்ட லயங்களில் பிறந்தவருக்கு அத்தகைய சான்று ஏது? பல லட்சம் பேர் நாடற்றவராயினர். 1964 இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசலாம் என்று ஒத்திவைத்தது. சந்தையில் சரக்கைப் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்த அப்பங்கீட்டின் மிச்சம் தீர 2003 ஆம் ஆண்டில் மற்றொரு சட்டம் வேண்டியிருந்தது. எழுதப்படாத ஒரு பிறப்பு எத்தனை ஆண்டு வேலை வாங்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

மூன்று மறுப்புகள்

நாம் கூறுவதை மறுப்போர் சொல்லும் காரணங்களையும் நேர்மையோடு நோக்குதல் கடமை.

"கேட்பவர்க்கெல்லாம் பத்திரம் கொடுத்தால் அயலார் புகுந்துவிடுவர், அரசாங்கம் எச்சரிக்கையாயிருப்பது தவறா?" என்பது முதலாவது. தவறன்று. ஆனால், இங்கே இரண்டு வேறு காரியங்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. 'இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னாருக்கு ஒரு பிள்ளை பிறந்தது' என்பது நடந்த செய்தி. 'அப்பிள்ளை இந்நாட்டின் குடிமகன்' என்பது சட்டத்தின் முடிவு. முதலாவதை எழுத யாதொரு நிபந்தனையும் இருக்கலாகாது. நடந்ததை நடந்ததென்று எழுதுவதால் அரசாங்கத்துக்கு நஷ்டமில்லை. முதலில் எழுதுக, பின்னர் ஆராய்க. ஆராயும்போதும், மெய்ப்பிக்கும் சுமையை யார்மேல் வைப்பது? ஆஸ்பத்திரி ஏடும், பதிவேடும், போலீஸும், ரத்தப் பரிசோதனையும் கையிலுள்ள சர்க்காரின் மேலா? லயம் இடிந்து, சாட்சி சிதறி, வெறுங்கையோடு நிற்கும் பிள்ளையின் மேலா? இந்நாட்டில் பிறந்து, பிறப்பினால் வேறெந்த நாட்டுக்கும் உரிமையில்லாதவர் இந்நாட்டுக் குடிமகனே என்னும் விதி நம் அரசியற் சட்டத்திலேயே இருக்கின்றது. அவ்விதியை எழுதியவர்கள் அயலாருக்குக் கதவு திறக்க எழுதவில்லை. எந்தக் கதவும் இல்லாத பிள்ளைக்காகவே எழுதினர்.

"பெற்றோரின் அலட்சியத்துக்கு நாடு என்ன செய்யும்?" என்பது இரண்டாவது. அலட்சியம் உண்டென்பதை மேலே நாமே ஒப்புக்கொண்டோம். அதற்குப் பெற்றோருக்கு அபராதம் விதிக்கலாம். தந்தை கடனைக் கட்டவில்லையென்று மகனைச் சிறையிலிட இன்று எந்த நாகரிக நாடும் உடன்படாது. தந்தை பதியவில்லையென்று மகனை வெளியே நிறுத்துவதற்கு மாத்திரம் எவ்வாறு உடன்படுவது?

மூன்றாவது மறுப்பு நம்முடைய தோழர்களிடமிருந்தே வருவது, ஆழமானதும் அதுவே. "எழுத்து என்பது ஆள்வோரின் கயிறு. செக்ரோல் நம்மைக் கட்டியது. 1948 இல் அவசரகாலத்தோடு வந்த அடையாளக் கார்டும் சோதனைச் சாவடியில் நம்மை நிறுத்துவதற்கே வந்தது. எழுதப்படாதவன் சுதந்திரனல்லனோ?" என்று அவர்கள் வினவுவர். இதில் உண்மை இல்லாமலில்லை. எழுதும் கை எதற்காக எழுதுகின்றது என்று எப்போதும் விழிப்போடு நோக்கவேண்டும். ஆயினும், எழுதப்படாதவன் சுதந்திரன் என்பது கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேசும் பேச்சு. எழுதப்படாதவனைப் போய்க் கேளுங்கள். அவன் மாலையில் வெளியே வர அஞ்சுகின்றான். 1941 இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பது அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று. அவர்களை நடத்திய ஆர். எச். நாதன் கைதுசெய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவர்கள் கேட்டது தலை நிமிர்ந்து பாதையிற் செல்லும் உரிமை. இன்று அதே கிள்ளானில், சீருடையைக் கண்டதும் சந்துக்குள் ஒதுங்கும் ஓர் இளைஞன் இருப்பானாயின், அவன் இன்னும் சைக்கிளிலிருந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றான்.

நம் கடமை

2024 அக்டோபரில் மக்களவை 206 வாக்குகளால் ஓர் அரசியற் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. அயல்நாட்டிற் பிறந்த பிள்ளைக்கு மலேசியத் தாயும் தன் குடியுரிமையை வழங்கலாம் என்று அது செய்தது. நெடுநாள் அநீதி ஒன்று நீங்கியது குறித்து மகிழ்கின்றோம். ஆனால் அதே திருத்தம், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கு 1962 முதல் இயல்பாகக் கிடைத்துவந்த குடியுரிமையை எடுத்துவிடுகின்றது. விசேஷ நிலைமைகளில் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறுவதற்குரிய வயது வரம்பையும் 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கின்றது. சிவப்புக் கார்டு வைத்திருக்கும் தமிழ்த் தம்பதிகள் இதன் பொருளை நன்கு உணரவேண்டும். ஒரு வலக்கை கொடுத்ததை இடக்கை எடுத்தது என்று புலம்புவதோடு நில்லாமல், பதிவில் ஒருநாளும் தாமதியாமையே இப்போது நமக்குரிய முதற் காவல்.

இவ்விஷயத்தில் நமக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1957 இல் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தலையங்கம் எழுதியதோடு அமையவில்லை. தமிழரைத் தேடித் தேடி விண்ணப்பம் போடச் செய்தார். எழுத அறியாதவனுக்கு எழுதிக்கொடுப்பதே எழுதத் தெரிந்தவனின் சீர்திருத்தம் என்பதை அவர் செய்கையால் காட்டினார்.

அவ்வழியில் நாம் செய்யத்தக்கவை பெரிய காரியங்கள் அல்ல. திருமண மண்டபத்தாரும் கோயிற் சபையாரும் நாள் குறிக்குமுன் பதிவுப் பத்திரத்தைக் கேட்கட்டும். திருமணம் பதியும் அதிகாரம் பெற்ற கோயில்களும் சங்கங்களும் நம்மிடையே இருக்கின்றன. பேறுகாலத்துக்குப் பெண்ணை அழைத்துவரும் தாய்வீட்டார், மருந்துப் பொருளோடு இருவருடைய கார்டுகளையும் மணப்பத்திரத்தையும் எடுத்து வைக்கட்டும். பிள்ளைக்கு எண்சாத்திரப்படி பெயர் தேடுவதிலேயே பதிவுக் காலம் கழிந்துவிட வேண்டாம். தமிழ்ப் பள்ளி ஆசிரியர், பத்திரமில்லாப் பிள்ளையைத் திருப்பியனுப்புமுன், அக்குடும்பத்தை அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லும் ஒருவரைத் தேடித் தரட்டும். வளர்ப்புப் பிள்ளையுடைய தாய், "என் பிள்ளைதானே, எழுத்து எதற்கு?" என்னாமல், தன் பிள்ளையாதலாலேயே எழுதிவைக்கட்டும். யாவற்றினும் மேலாக, பத்திரமில்லாதவரை நம் தெருவில் இழிவாகப் பேசும் வழக்கம் ஒழியட்டும். அவ்வெட்கமே அவரை அலுவலகத்துக்குப் போகவொட்டாமல் தடுக்கின்றது. பதிவு இலாகாவின் விதியை நாம் மாற்ற நாளாகலாம். நம் நாவை இன்றே மாற்றலாம்.

சர்க்காருக்கும் ஒரு சொல். குழந்தை உரிமை உடன்படிக்கையை மலேசியா 1995 இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் பிறந்தவுடன் பதிவு, பெயர், நாடு ஆகியவற்றை உறுதி செய்யும் ஏழாம் பிரிவைத் தனக்கு ஒத்த அளவிலேயே ஏற்பதாக ஒதுக்கிவைத்தது. 2030 ஆம் ஆண்டுக்குள் பிறப்புப் பதிவு உட்பட எல்லாருக்கும் சட்டபூர்வமான அடையாளம் என்பது உலக நாடுகள் கூடி எடுத்த சபதம். மலேசியாவும் அதிற் சேர்ந்தது. ஒரு கையால் சபதமும் மறு கையால் ஒதுக்கும் வைத்திருப்பது அழகன்று.

முடிவாக ஒன்று. 1942 முதல் 1943 வரை ஜப்பானியர் சயாமில் போட்ட ரயில்பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாகத் தமிழர் கொண்டுபோகப்பட்டனர். அப்பாதையில் மாண்ட நேசநாட்டுப் போர்வீரர் ஏறக்குறைய 7,000 பேருக்குக் காஞ்சனபுரியில் கல்லறைகள் இருக்கின்றன. அடையாளம் தெரிந்த ஒவ்வொருவருக்கும் பெயரும் வயதும் கல்லில் வெட்டியிருக்கின்றன. அதே பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் எழுபதினாயிரத்துக்கும் மேலானவர் என்பாரும், ஒரு லட்சம் என்பாரும் உளர். அவர்களுக்குச் சரியான தொகையும் இல்லை, பெயரும் இல்லை. போர்வீரனுக்கு அவன் பிறந்த நாள் முதல் அவன் நாட்டில் ஓர் ஏடு இருந்தது. ஆதலால் அவன் இறந்த நாளும் தெரிந்தது. நம்மவன் பிறந்ததை எழுத ஏடில்லை. அவன் இறந்ததை அறிய ஆளுமில்லை. உயிரோடிருந்தபோது எழுதப்படாதவன், மாண்டபோதும் எண்ணப்படவில்லை.

அவர்களுக்கு நாம் இனிச் செய்யக்கூடியது சிறிது. ஆனால் நேற்றிரவு கிள்ளான் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்குச் செய்யக்கூடியது நிரம்ப இருக்கின்றது. அதற்கு இன்னும் காலமும் இருக்கின்றது. பாட்டியம்மா கடிகாரத்தைப் பார்க்கட்டும், நாம் தடுக்கவில்லை. அந்த மணியைச் சோதிடருக்குச் சொல்லுமுன் பதிவு அலுவலகத்துக்குச் சொல்லட்டும்.